எந்த டி.வி.டி.யை வாங்குவது? - பெட்டியின் பின்பக்கத்தைப் படிக்க ஒரு பாடம்

மூன்றாம் ஆண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் பிரிவு



மலரில் எல்லாரும் கவிதை, துணுக்கு, சிரிப்பு என்று எழுதும்போது இவன் மட்டும் கணக்குப் போட வந்துவிட்டானே என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இது செமஸ்டர் பரீட்சையில் வராத பாடம். ஆனால் நம் பாக்கெட்டில் இருக்கிற பணத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பாடம்.

விஷயம் இதுதான். மந்தைவெளி, தி. நகர், அடையாறு என்று மூன்று இடத்தில் இருக்கும் நண்பர்கள் மூவர் சேர்ந்து, ஆளுக்கு 2,500 ரூபாய் போட்டு, 'டிராகன் பால் இசட்' தொடரை டி.வி.டி.யில் வாங்குவது என்று தீர்மானித்தோம். அகிரா தொரியாமாவின் படக்கதையை வைத்து ஜப்பானில் 1989 முதல் 1996 வரை ஒளிபரப்பான தொடர். மொத்தம் 291 அத்தியாயங்கள். கையில் 7,500 ரூபாய். எதிரே மூன்று வழிகள்.

ஒன்று, நடைபாதைக் கடைப் பெட்டி. 291 அத்தியாயமும் 24 டிஸ்க்கில் அடக்கம், விலை 900 ரூபாய். இரண்டு, வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒரு சீனியர் விற்க வைத்திருந்த அமெரிக்கப் பதிப்பு. ஆரஞ்சு நிறப் பெட்டி, முதல் 39 அத்தியாயம், 6 டிஸ்க், 1,200 ரூபாய். மூன்று, நண்பனின் அக்கா கனடாவில் பழைய கடையில் பார்த்துச் சொன்ன 'டிராகன் பாக்ஸ்' முதல் பெட்டி. 42 அத்தியாயம், அதுவும் 6 டிஸ்க். எங்கள் 7,500 முழுதும் அதற்கே சரியாகிவிடும்.

அத்தியாயத்துக்கு என்ன விலை என்று பார்த்தால் முதலாவது 3 ரூபாய், இரண்டாவது 31 ரூபாய், மூன்றாவது 179 ரூபாய். நடைபாதைக் கடைக்காரர் எங்களிடம் சொன்னது இது: "தம்பி, எல்லாம் ஒரே படம்தான். கவர்தான் வேற வேற. எதுக்கு வீணா காசைக் கொட்டுறீங்க?"

அவர் சொன்னது உண்மைதானா? அதைச் சோதிப்பதே இந்தக் கட்டுரை.

இந்தக் காலத்தில் டி.வி.டி. எதற்கு?

செல்போனிலேயே எல்லாம் வரும்போது டிஸ்க் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதற்கு ஒரு உதாரணம் போதும். 'நியான் ஜெனிசிஸ் இவாஞ்சலியன்' என்ற புகழ்பெற்ற 26 அத்தியாயத் தொடர் (1995-96) 2019-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. வந்தபோது, பழைய ஆங்கிலக் குரல்கள் போய்ப் புதுக் குரல்கள் வந்திருந்தன. அத்தியாய முடிவில் வரும் 'ஃபிளை மீ டு தி மூன்' பாட்டு ஜப்பானுக்கு வெளியே நீக்கப்பட்டிருந்தது. பழைய டி.வி.டி. வைத்திருந்தவர்கள் வீட்டில் அந்தப் பாட்டு பத்திரமாக ஓடிக்கொண்டிருந்தது. அதே தொடரில் 21 முதல் 24 வரையிலான அத்தியாயங்களுக்கு, ஒளிபரப்பானது ஒன்று, பிறகு காட்சிகள் சேர்த்து விரித்தது ஒன்று என இரண்டு வடிவங்களே உண்டு.

ஆகவே தொடரின் பெயர் ஒன்றாக இருந்தால் உள்ளே இருப்பதும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நம்பக்கூடாது. ஒவ்வொரு பதிப்பும் அசலிலிருந்து எதையோ எடுத்திருக்கும், எதையோ சேர்த்திருக்கும். எது போயிற்று என்று கண்டுபிடிப்பதுதான் வாங்குபவன் வேலை. நேரம், படம், வேகம், இடம், ஒலி, எழுத்து என்று வரிசையாகப் பார்ப்போம்.

1. நேரம்: முதலில் நிமிஷத்தை எண்ணு

பெட்டியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஓடும் நேரம் போட்டிருப்பார்கள். யாரும் படிப்பதில்லை. உண்மையில் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.

நமக்குத் தெரிந்த கதையையே எடுத்துக்கொள்வோம். ஜப்பானியர் யூகோ சாகோ, நம் நாட்டு அனிமேஷன் மேதை ராம் மோகன், கொய்ச்சி சசாகி ஆகியோர் சேர்ந்து உருவாக்கி 1992-ல் முடித்த 'ராமாயணம்: இளவரசர் ராமனின் காவியம்' என்ற கார்ட்டூன் படம் முழுதாக 135 நிமிஷம் ஓடக்கூடியது. அமெரிக்காவுக்காக 'தி பிரின்ஸ் ஆஃப் லைட்' என்று பெயர் மாற்றி வெளியிட்ட வடிவம் 96 நிமிஷம். வித்தியாசம் 39 நிமிஷம்! அட்டையில் அதே ராமர், அதே வில். கதையில் மட்டும் கால் பங்குக்கு மேல் காணோம்.

டிராகன் பால் இசட்டும் இதற்குத் தப்பவில்லை. 1996-ல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோனபோது முதல் 67 அத்தியாயங்களை வெட்டிச் சுருக்கி 53 ஆக்கினார்கள். ஆகவே பழைய பிரதி கிடைத்தால் முதலில் அத்தியாய எண்ணிக்கையைப் பாருங்கள். பிறகு 'முழுமையானது', 'வெட்டப்படாதது' என்ற சொற்கள் எங்காவது இருக்கின்றனவா என்று தேடுங்கள்.

2. படம்: தலை இருக்கிறதா, கை இருக்கிறதா?

இந்தத் தொடரை வரைந்தது பழைய டி.வி. வடிவத்துக்கு. அகலம் 4 என்றால் உயரம் 3. இப்போது வரும் டி.வி.க்களோ 16-க்கு 9. பழைய படத்தைப் புது டி.வி.யில் ஓட்டினால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். பலருக்கு இது பிடிப்பதில்லை. "திரை முழுக்க வரலையே" என்பார்கள். அவர்களைத் திருப்திப்படுத்த, 2007 முதல் 2009 வரை வந்த ஆரஞ்சுப் பெட்டிகளில் மேலும் கீழும் வெட்டி, படத்தை அகலமாக்கிவிட்டார்கள்.

கணக்குப் பாருங்கள். அகலம் 4 என்று வைத்தால் அசல் உயரம் 3. புது வடிவத்தில் அதே அகலத்துக்கு உயரம் 4 × 9 ÷ 16 = 2.25. போனது 0.75. அதாவது 3-ல் கால் பங்கு. பிலிமின் பக்க ஓரங்களில் இருந்த கொஞ்சத்தைக் கூடுதலாகக் காட்டியதால் நிஜ இழப்பு இதைவிடச் சற்றுக் குறைவு. ஆனாலும் மேலே போனது மேலே போனதுதான்.

2009 முதல் 2011 வரை ஏழு பெட்டிகளாக வந்த டிராகன் பாக்ஸில் இந்த வெட்டு இல்லை. கறுப்புப் பட்டையோடு முழுப் படம்.

"மேலே கீழே கொஞ்சம் போனா என்னடா?" என்று தி. நகர் நண்பன் கேட்டான். வாதம் செய்யவில்லை, ஒர்க்‌ஷாப் முறைப்படி சோதனையே செய்து காட்டினேன். எங்கள் வீட்டு டி.வி.யில் படத்தின் உயரம் 40 செ.மீ. சார்ட் பேப்பரில் 5 செ.மீ. அகலத்தில் இரண்டு துண்டு வெட்டி மேலே ஒன்று, கீழே ஒன்று ஒட்டினேன். 1968-ல் வந்த கே. பாலசந்தரின் 'எதிர்நீச்சல்' கறுப்பு வெள்ளைப் படத்தை ஓட்டினேன். நாகேஷின் முகம் திரையை நிறைக்கும்போதெல்லாம் நெற்றி பேப்பருக்குப் பின்னால் போய்விட்டது. மார்புக்குக் கீழே வைத்துப் பேசும் கைகளும் போயின. பத்து நிமிஷத்தில் நண்பனே எழுந்து பேப்பரைப் பிய்த்தான்.

நீங்களும் செய்து பார்க்கலாம். உங்கள் டி.வி.யின் உயரத்தை 8-ஆல் வகுத்தால் வருவதுதான் ஒரு துண்டின் அகலம். செலவு ஐந்து ரூபாய்.

3. வேகம்: பால் கணக்கு

இந்தியாவில் 1982-ல் வண்ணத் தொலைக்காட்சி வந்தபோது 'பால்' என்ற முறையை எடுத்துக்கொண்டோம். (டிராகன் பாலும் இல்லை, ஆவின் பாலும் இல்லை!) இதில் வினாடிக்கு 25 படம், கண்ணுக்குத் தெரியும் கோடுகள் 576. ஜப்பானும் அமெரிக்காவும் எடுத்தது என்.டி.எஸ்.சி. முறை. அதில் வினாடிக்குச் சுமார் 30 படம், கோடுகள் 480.

கார்ட்டூனைப் பிலிமில் எடுக்கும்போது வினாடிக்கு 24 படம். என்.டி.எஸ்.சி. டிஸ்க்கில் ஒரு படத்தை மூன்று அரைப்படமாகவும் அடுத்ததை இரண்டு அரைப்படமாகவும் மாற்றி மாற்றிக் காட்டி 24-ஐச் சரிக்கட்டுவார்கள். வேகம் மாறாது. பால் டிஸ்க்கில் பெரும்பாலும் 24-ஐ 25 ஆக்கி ஓட்டிவிடுவார்கள். எல்லாம் 4 சதவீதம் வேகமாகப் போகும். 24 நிமிஷ அத்தியாயம் 23 நிமிஷம் 2 வினாடியில் முடிந்துவிடும். சுருதியைச் சரிசெய்யாவிட்டால் குரலும் ஏறும். ஒரு அரைச்சுரத்துக்கும் குறைவுதான். நமக்குத் தெரியாது. மார்கழியில் மயிலாப்பூர் சபா சபாவாக ஏறி இறங்குகிற காதுக்குத் தெரிந்துவிடும்.

இங்கேதான் முதல் பாடத்தோடு இதைச் சேர்க்க வேண்டும். 135 நிமிஷப் படம் பால் டிஸ்க்கில் 135 × 24 ÷ 25, அதாவது 129 நிமிஷம் 36 வினாடி ஓடும். ஆகவே பின்பக்கத்தில் 130 என்று இருந்தால், "ஐயோ, வெட்டிட்டாங்க" என்று பதற வேண்டாம். அது வேகம். 96 என்று இருந்தால் அது கத்தரி. 4 சதவீதம் வரை குறைந்தால் வேகம். அதற்கு மேல் குறைந்தால் சந்தேகம். இந்த ஒரு வரியை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டாலே போதும்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. என்.டி.எஸ்.சி. டேப்பிலிருந்து அவசரமாகப் பாலுக்கு மாற்றிய டிஸ்க். அதில் இரண்டு படங்கள் ஒன்றின்மேல் ஒன்று கலந்து, ஓடுகிறவனுக்கு நாலு கால் தெரியும். கார்ட்டூனில் கோடுகள் கூர்மையானவை என்பதால் இந்தக் குறை சினிமாவைவிடப் பளிச்சென்று தெரியும். நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் ஐந்தே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

4. இடம்: ஒரு டிஸ்க்கில் எத்தனை அத்தியாயம்?

ஒரு அடுக்கு டி.வி.டி.யின் கொள்ளளவு 4.7 ஜி.பி. இரண்டு அடுக்குக்கு 8.5 ஜி.பி. பிட்டாக மாற்றினால் முறையே 37.6 கிகாபிட், 68 கிகாபிட். இதை ஓடும் வினாடியால் வகுத்தால் ஒரு வினாடிக்கு எவ்வளவு தகவல் கிடைக்கிறது என்று வந்துவிடும்.

ஒரு அடுக்கில் 4 அத்தியாயம் (5,760 வினாடி) என்றால் வினாடிக்கு 6.5 மெகாபிட். நல்ல தரம்.

அதே டிஸ்க்கில் 12 அத்தியாயம் (17,280 வினாடி) என்றால் 2.2 மெகாபிட்தான். ஒலிக்கும் இதிலிருந்தே பங்கு கொடுக்க வேண்டும்.

இரண்டு அடுக்கில் 7 அத்தியாயம் (10,080 வினாடி) என்றால் 6.7 மெகாபிட்.

இப்போது அந்த 900 ரூபாய்ப் பெட்டியைப் பாருங்கள். 291 அத்தியாயம், 24 டிஸ்க். ஒன்றில் 12. ஒரு அடுக்கு டிஸ்க்கில் இவ்வளவு அடைத்தால் சண்டைக் காட்சியில் புகையும் வெளிச்சமும் வரும்போது படம் கட்டம் கட்டமாக உடையும். 27டி பஸ்ஸில் காலை எட்டரை மணிக்கு ஏறுவது மாதிரிதான். எல்லாரும் ஏறிவிடலாம், ஆனால் யாருக்கும் நிற்க இடம் இருக்காது. ஆறு டிஸ்க்கில் 42 அத்தியாயம் என்றால் ஏழு ஏழு. அங்கே மூச்சு விட இடம் இருக்கிறது.

மலிவு என்பதற்காகவே ஒரு டிஸ்க்கைத் தரக்குறைவு என்று தள்ளிவிடவும் கூடாது. மோசர் பேர் நிறுவனம் தமிழ்ப்படங்களை முறையாக உரிமை வாங்கி 28 ரூபாய்க்கு வி.சி.டி., 34 ரூபாய்க்கு டி.வி.டி. என்று 2007 வாக்கில் கொண்டுவந்தபோது ஊரே வாங்கியது. அந்த நிறுவனம் 2018-ல் கலைப்புக்குப் போய்விட்டது. ஆனாலும் அந்த டிஸ்க்குகள் இன்னும் பல வீட்டில் ஓடுகின்றன. விலை வேறு, தரம் வேறு. கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

5. ஒலியும் எழுத்தும்: யார் பார்க்கப் போகிறார்கள்?

எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்குத்தான் முதலிடம். என் தங்கச்சிக்குப் பிறவியிலேயே காது கேளாது. பாட்டிக்குக் கண் மங்கல். பெரிய எழுத்தே தெரியாது. தங்கச்சிக்கு எழுத்து வேண்டும். பாட்டிக்குத் தமிழில் குரல் வேண்டும். ஒருத்திக்கு உதவுவது இன்னொருத்திக்கு உதவாது.

டி.வி.டி.யின் பெருமையே இங்கேதான் இருக்கிறது. ஒரே டிஸ்க்கில் 8 ஒலித்தடங்கள், 32 சப்டைட்டில் தடங்கள் வரை வைக்கலாம். அதிலும் டி.வி.டி. சப்டைட்டில் என்பது எழுத்தாக இல்லாமல் படமாகப் பதிவாகிறது. ஆகவே பிளேயருக்குத் தமிழ் எழுத்துரு தெரிய வேண்டிய அவசியமே இல்லை. தயாரிப்பவர் மனசு வைத்தால் எந்த நாட்டுப் பிளேயரிலும் 'ழ'வும் 'ஞ'வும் கொம்பு, கால் பிசகாமல் தெரியும். தொழில்நுட்பம் தடையாக நிற்கவில்லை. நமக்காக யாரும் செய்யவில்லை, அவ்வளவுதான்.

சப்டைட்டிலிலும் மூன்று வகை உண்டு. முதல் வகை, ஜப்பானிய வசனத்தை நேராக மொழிபெயர்த்தது. இரண்டாவது, ஆங்கில டப்பிங் வசனத்தை அப்படியே எழுதி வைத்தது. ஜப்பானிய ஒலியில் பார்க்கும்போது இது பொருந்தாது. ஒருவன் வாயைத் திறப்பதற்குள் எழுத்து வந்து போய்விடும். மூன்றாவது, காது கேளாதவர்களுக்கென்றே 'கதவு தட்டும் சத்தம்', 'தூரத்தில் இடி' என்றெல்லாம் சேர்த்து எழுதுவது. கார்ட்டூன் தொடர்களில் மூன்றாவது அபூர்வம். கிடைக்காவிட்டால் முதல் வகையாவது வேண்டும். அறைக்கு வெளியே வெடித்தால் நாங்கள் கையால் சொல்லிவிடுவோம். ஆனால் தப்பான வசனத்தை நாங்கள் எங்கே போய்த் திருத்துவது?

நடைபாதைப் பெட்டிகளில் வரும் ஆங்கில சப்டைட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சீன மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது போல் இருக்கும். ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும். கேட்டுப் புரிந்துகொள்கிறவன் சிரித்துவிட்டுப் போகலாம். அதை மட்டுமே நம்பிக் கதையைப் பிடிக்கிறவளுக்கு அது கதையே இல்லை.

இசையும் கவனிக்க வேண்டிய ஒன்று. டிராகன் பால் இசட்டுக்கு ஜப்பானில் இசையமைத்தவர் ஷுன்சுகே கிகுச்சி. அமெரிக்காவில் டப் செய்தபோது புரூஸ் ஃபால்கனர் வேறு இசை போட்டார். ஆரஞ்சுப் பெட்டியில் மூன்று தடம் இருக்கிறது: ஜப்பானிய அசல், ஆங்கிலக் குரலோடு ஜப்பானிய இசை, ஆங்கிலக் குரலோடு அமெரிக்க இசை. டி.வி.யில் பார்த்து வளர்ந்த அந்தப் பழைய இசைதான் வேண்டும் என்கிறவர்களுக்கு ஆரஞ்சுப் பெட்டியே சரி. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

6. பூட்டு: பிராந்திய எண்

பின்பக்கத்தில் சின்ன பூமி உருண்டைக்குள் ஒரு எண் இருக்கும். 1 அமெரிக்கா, கனடா. 2 ஜப்பான், ஐரோப்பா. 3 தென்கிழக்கு ஆசியா. 4 ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா. 5 இந்தியா, இலங்கை, ரஷ்யா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி. 6 சீனா. கனடாவிலிருந்து வரும் டிஸ்க் 1. நம்முடையது 5. பூட்டு திறக்குமா?

வீட்டு டி.வி.டி. பிளேயர் என்றால் எல்லா எண்ணையும் ஏற்கிற மாடலா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கம்ப்யூட்டர் டிரைவ் என்றால் எச்சரிக்கை: 2000-க்குப் பிறகு வந்த டிரைவ்களில் எண்ணை ஐந்து முறைதான் மாற்றலாம். ஐந்தாவது முறை எதில் நிறுத்துகிறீர்களோ அதுவே நிரந்தரம். நண்பர்களுக்கெல்லாம் மாற்றி மாற்றிக் கொடுத்துவிட்டுக் கடைசியில் முழிக்கக்கூடாது.

7. அசலா, திருட்டு டி.வி.டி.யா?

நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டத்தின் (1957) 52-அ பிரிவு, விற்பனைக்கு வரும் வீடியோப் படத்தின் உறையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறது: தணிக்கைச் சான்றிதழின் நகல், தயாரித்தவர் பெயர், முகவரி, உரிமை பெற்றதற்கான உறுதிமொழி, காப்புரிமையாளர் பெயர், முகவரி. இங்கே தயாரான டிஸ்க்கில் இவை இல்லையென்றால் அது எப்படிப்பட்ட சரக்கு என்று புரிந்துகொள்ளலாம். தமிழ்நாட்டில் 2004-ல் குண்டர் தடுப்புச் சட்டத்திலேயே வீடியோத் திருட்டைச் சேர்த்தார்கள். விளையாட்டு விஷயம் இல்லை.

டிஸ்க்கைத் திருப்பிப் பாருங்கள். தொழிற்சாலையில் அச்சிட்டது வெள்ளிபோல் மின்னும்; இரண்டு அடுக்கு என்றால் லேசாகத் தங்க நிறம் அடிக்கும். ஊதா நிறம் தெரிந்தால் அது ரைட்டரில் எரித்த டிஸ்க். அதன் சாயம் காலப்போக்கில் மங்கும்.

பழைய டிஸ்க் வாங்கும்போது வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசித் துவாரம்போல் ஒளி வந்தால் வேண்டாம். கீறல் இருந்தால் எந்தத் திசை என்று பாருங்கள். நடுவிலிருந்து விளிம்புக்குப் போகிற கீறலை டி.வி.டி.யில் இருக்கும் ரீட்-சாலமன் பிழை திருத்த முறை பெரும்பாலும் சமாளித்துவிடும். தடத்தோடு சேர்ந்து வட்டமாகப் போகிற கீறல்தான் எமன்; அது தொடர்ந்தாற்போல் தகவலை அழித்துவிடுகிறது. துடைக்கும்போதும் நடுவிலிருந்து வெளியே துடைக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். வட்டமாகத் துடைப்பது தரை மெழுகுவதற்குச் சரி.

எங்கள் தீர்ப்பு

மூன்று பெட்டியையும் மேற்கண்ட வரிசையில் வைத்துப் பார்த்தோம். நடைபாதைப் பெட்டி முதல் சுற்றிலேயே போயிற்று. ஊதா டிஸ்க், 12 அத்தியாய நெரிசல், அர்த்தமில்லாத சப்டைட்டில், அதற்கு மேல் திருட்டு. 3 ரூபாய்க்கு ஒரு அத்தியாயம் என்பது மலிவு இல்லை. பார்க்க முடியாததற்கு 3 ரூபாயும் அதிகம்.

ஆரஞ்சுப் பெட்டிக்கும் டிராகன் பாக்ஸுக்கும்தான் நிஜமான போட்டி. இரண்டும் உரிமை பெற்றவை. இரண்டிலும் வசனம் ஒழுங்கு. விலையோ ஒன்றுக்கு ஆறு பங்கு. அடையாறு நண்பன் கடைசிவரை வாதாடினான்: "மச்சான், இந்தக் காசுக்கு ஆரஞ்சுப் பெட்டி ஆறு வாங்கலாம்டா. பாதிக் கதைக்கு மேல முடிஞ்சிடும். நாப்பத்திரண்டு எபிசோடை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

அவன் வாதத்தில் நியாயம் இருக்கிறது. நாங்கள் மூவர் மட்டும் பார்ப்பதாக இருந்தால் அதைத்தான் செய்திருப்போம். காதில் விழுகிற குரலும் இசையும், வெட்டுப்பட்ட படத்தின் குறையை நமக்கு நிரப்பிவிடும். ஆனால் எங்களோடு உட்காரப் போகும் நாலாவது ஆள் என் தங்கச்சி. பேசுகிறவன் கோபமாகச் சொல்கிறானா, கிண்டலாகச் சொல்கிறானா என்பதை அவள் குரலில் கேட்க முடியாது. புருவத்தில் பார்க்கிறாள், விரலில் பார்க்கிறாள், தோள் எப்படி நிற்கிறது என்பதில் பார்க்கிறாள். சார்ட் பேப்பர் மறைத்தது எதை? நெற்றியையும் கையையும். அவளுக்குக் கண் ஒன்றுதான் வழி. அந்த வழியிலும் கால் பங்கை அடைத்த பெட்டியை எங்கள் காசு கொடுத்து வாங்குவதா?

இதைச் சொன்னதும் அடையாறு நண்பன் அதற்கு மேல் பேசவில்லை. டிராகன் பாக்ஸ் முதல் பெட்டிக்குப் பணம் கட்டினோம். இரண்டாம் பெட்டிக்கு வேலை கிடைத்தபிறகு பார்ப்போம்.

பாட்டி விஷயம் பாக்கி. அவருக்கு வேண்டியது ராமாயணம். அந்த 96 நிமிஷ ஆங்கில டிஸ்க் சல்லிசாகவே கிடைத்தது, வாங்கவில்லை. முழுப் படம் 2025 ஜனவரி 24 அன்று புதிதாகத் தமிழில் குரல் கொடுத்து, இந்தி, தெலுங்கு, ஆங்கிலத்தோடு சேர்த்துத் திரையரங்குகளுக்கு வந்தது. தமிழ்க் குரலும், முழு 135 நிமிஷமும், கூடவே சப்டைட்டிலும் ஒரே டிஸ்க்கில் வரும்போது பாட்டியும் பேத்தியும் ஒரே நேரத்தில் ஒரே படத்தைப் பார்க்கலாம். அதுவரைக்கும் காத்திருப்பது என்பதும் ஒரு முடிவுதான். குறைப் பிரதியை வாங்கி வைத்துவிட்டால், "அதான் வீட்டுல இருக்கே" என்று பிறகு நல்ல பிரதியை வாங்கவே மாட்டோம்.

சுருக்கமாக நினைவில் கொள்ள:

1. யார் பார்க்கப் போகிறார்கள் என்று முதலில் எழுதிக்கொள். பிறகு கடைக்குப் போ.

2. அத்தியாய எண்ணிக்கை, ஓடும் நேரம் இரண்டையும் அசலோடு ஒப்பிடு. 4 சதவீதம் வேகம். அதற்கு மேல் கத்தரி.

3. பழைய தொடர் திரையை முழுக்க நிறைத்தால் சந்தோஷப்படாதே. மேலும் கீழும் என்ன போயிற்று என்று பார்.

4. ஒரு டிஸ்க்கில் எத்தனை அத்தியாயம் என்று வகுத்துப் பார்.

5. சப்டைட்டில் எந்த வசனத்தின் மொழிபெயர்ப்பு என்று கேள்.

6. பிராந்திய எண், உறை விவரம், டிஸ்க்கின் நிறம், கீறலின் திசை, இந்த நான்கையும் பார்க்காமல் காசு எடுக்காதே.

நண்பர்களே, நாளை நாம் வாங்கப்போவது டி.வி.டி. மட்டும் இல்லை. மல்டிமீட்டர், மோட்டார், மோடம் என்று எவ்வளவோ வாங்கப் போகிறோம். வேலைக்குப் போனால் கம்பெனிக்காகவும் வாங்குவோம். எல்லாவற்றுக்கும் ஒரு முன்பக்கம் உண்டு, ஒரு பின்பக்கம் உண்டு. முன்பக்கம் விற்பவன் எழுதுவது. பின்பக்கத்தில் இருக்கிற எண்கள் நமக்காக எழுதப்பட்டவை. மூன்று வருஷமாக நாம் படித்த படிப்பு அந்தப் பொடி எழுத்தைப் படிக்கத்தான். படித்துப் பார்த்து வாங்குவோம்!